கால் மாறிய டிரான்சிஸ்டர்

டிசம்பர் பன்னிரண்டு, வியாழக்கிழமை. விடியற்காலையில் தொடங்கிய மழை பிற்பகல் மூன்று மணியாகியும் விடவில்லை. வடகிழக்கிலிருந்து வீசிய காற்று, கடலின் உப்புவாடையைப் புதுப்பட்டினத்துத் தெருக்களுக்குள் தள்ளிக்கொண்டிருந்தது.

லக்ஷ்மிநாராயணன் வீட்டு வாசலில், பிளாஸ்டிக் உறை சுற்றிய, ஸ்பீக்கரும் சேர்ந்த சிறிய ஆம்ப்ளிஃபயரை மார்போடு அணைத்தபடி தர்மராஜ் நின்றான். ஷேர் ஆட்டோ ஓட்டுபவன். பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்காக அதை முந்தின நாள் இரவல் வாங்கிச் சென்றிருந்தான்.

"இன்னா சார் பொட்டி இது? மைக்கே மாட்டல, உள்ள ஒரு அம்மா பேசிகினே கீது. அதுவும் கொசு பாடற மாதிரி."

"ஏதாவது ரேடியோவை இழுத்திருக்கும்," என்றார் லக்ஷ்மிநாராயணன்.

"ரேடியோன்னா பாட்டு வரும், விளம்பரம் வரும். இது யாரையோ கூப்புடுது சார். பொண்ணு சுஷ்மிதா பயந்துகினு பெட்ஷீட்டுக்குள்ள பூந்துட்டா. சவுண்டும் ஏற மாட்டேங்குது, ஒரே பேஜாரு. மார்க்கெட்டாண்ட முத்துசாமி அண்ணன் கீறாரே, அவராண்ட காட்டட்டா? அஞ்சு நிமிசத்துல முடிச்சுருவாரு."

"வேண்டாம்." குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டதை அவரே உணர்ந்தார். "நானே பாக்கறேன். ஆறு மணிக்கு வந்து வாங்கிக்குங்க."

"சர்டிபிகேட் வாங்குனவரு நீங்க. நான் இன்னா சொல்றது," என்று தர்மராஜ் சிரித்துவிட்டு மழையில் இறங்கினான்.

அந்தச் சிரிப்பு அவரைச் சுட்டது. அலுவலகத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் கடிதங்களுக்கு எண் போட்டு ஓய்வு பெற்றபின், அறுபதாம் வயதில் அஞ்சல்வழியில் மின்னணுவியல் பயின்று பெற்ற சான்றிதழ், வேலை மேசைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அதற்கு நேர் கீழே பாடப்புத்தகம். மேசையின் ஓரத்தில், மாடியிலிருந்து படிக்கட்டின் கைப்பிடியை ஒட்டி இறங்கி வந்த ஒரு கறுப்பு ஒயரின் முனை, ஐந்து மாதங்களாக எதிலும் செருகப்படாமல் கிடந்தது.

மாடியறை பூட்டியிருந்தது. அவர் மனைவி ஞானம்பாள் இறந்த அறை.

தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனபின் அவளுக்குக் காற்றுப் போன்ற குரல்தான் மிஞ்சியது. படுக்கையருகே ஒரு மைக். கீழே இந்த ஆம்ப்ளிஃபயர். அவள் அழைத்தால் அவருக்குக் கேட்க வேண்டும். ஆனி மாதத்தில் அது பழுதானபோது அவரே திறந்து, மைக்கின் ஒலியை முதலில் வாங்கிப் பெருக்கும் டிரான்சிஸ்டர் எரிந்திருப்பதைக் கண்டுபிடித்து, வேறொன்றைப் பொருத்தினார். மூன்று கால்களில், பழையதற்கு இடது கால் மின்னோட்டத்தை வாங்கும் கலெக்டர்; புதியதற்கு இடது கால் அதை வெளிவிடும் எமிட்டர். அதைச் சோதிக்காமல், முன்பிருந்தவாறே செருகிவிட்டார். இவ்விரு கால்களும் இடம் மாறினாலும் டிரான்சிஸ்டர் வேலை செய்யும். ஆனால் மிகச் சன்னமாக.

வீட்டு ஒயரிங் பார்க்க வந்திருந்த மெக்கானிக் முத்துசாமி, திறந்திருந்த பெட்டியைப் பார்த்ததுமே சொன்னார். "சார், கால் மாறி கீது. திருப்பிப் போட்டுடுங்க."

லக்ஷ்மிநாராயணன் சான்றிதழைச் சுட்டிக்காட்டிப் புன்னகைத்தார். மெக்கானிக் போனபின் மீட்டரை வைத்துப் பார்த்தார். முத்துசாமி சொன்னதே சரி. ஆனால் கழற்றினால் அவரிடம் தோற்றதாகிவிடும். வால்யூமை முழுவதும் திருப்பிவைத்து, மூடியை முடுக்கினார்.

"ஏங்க, கேக்குதா?" என்று மாடியிலிருந்து அவள் கேட்டாள். ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்ததால்தான் அதுவும் அவருக்குக் கேட்டது.

"நல்லா கேக்குது," என்று உரக்கச் சொன்னார்.

ஒன்பதாம் நாள் மாலை, மின்விசிறி சுழல, அதே மேசையில் அவர் பாடம் படித்துக்கொண்டிருந்தார். காபியுடன் மாடியேறியபோது மணி ஐந்து நாற்பத்திரண்டு. அவள் உடல் கட்டிலின் விளிம்புவரை நகர்ந்திருந்தது. கையிலிருந்த மைக் உதட்டோடு ஒட்டியிருந்தது. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மைக்கை அதன் ஸ்டாண்டில் நிறுத்தி, போர்வையைச் சரிசெய்த பிறகே அக்கம்பக்கத்தாரை அழைத்தார். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றார். கொடுத்து வைத்தவள் என்றார்கள். அவரும் தலையசைத்தார்.

முத்துசாமி இந்தப் பெட்டியைத் திறந்தால், அடுத்த நொடியே அவருக்கு எல்லாம் விளங்கிவிடும்.

ஐந்து மணி தாண்டிய பிறகே அவர் பெட்டியின் முன் உட்கார்ந்தார். முதலில் மின்சாரம் கொடுத்துப் பழுதைக் கேட்டறிவதே முறை. அவர் கொடுக்கவில்லை. நேராக மூடியைத் திறந்து, அந்த டிரான்சிஸ்டரைக் கழற்றி, மீட்டரின் சிவப்பு முனையை நடுக்காலிலும் கறுப்பு முனையை மற்ற இரு கால்களிலும் மாறிமாறி வைத்தார். ஒரு பக்கம் எண் நூலளவு கூடுதல், அதுவே எமிட்டர். ஐந்து மாதங்களுக்கு முன் பார்த்த அதே எண். அதைப் படிக்கையில், யாரோ தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பதுபோல் அவர் முகம் சூடேறியது. திருப்பிச் செருகினார். ஈயம் உருகி, குங்கிலியப் புகை கண்ணைக் கரித்து, மூன்று கால்களும் ஒவ்வொன்றாகப் பளபளத்து அடங்கின.

சோதிக்க ஒரு மைக் வேண்டும். வீட்டில் இருந்தது ஒன்றுதான். மேசையோரத்து ஒயரை எடுத்துச் செருகி, சுவிட்சைத் தட்டினார்.

மழை கேட்டது. பூட்டிய மாடியறையின் ஜன்னல் தகரத்தில் விழும் மழை, துளித்துளியாக, அவ்வளவு துல்லியமாக, அறை முழுவதும் நிறைந்தது. ஒரு கணம் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எவ்வளவு எளிய வேலை. இதைத்தானே அன்றைக்குச் செய்திருக்க வேண்டும்.

பிறகு மழைக்குப் பின்னால் இன்னொரு ஓசை. கட்டில் முனகியது. அதன்பின், உள்ளே இழுத்து, இழுத்தது வெளியே வராமல் நிற்கும் ஒரு மூச்சு.

"ஏங்க."

அவர் அசையவில்லை.

"ஏங்க. மூச்சு வரல."

மேசை அதிர்ந்தது. ஜன்னல் அதிர்ந்தது.

"கேக்குதுன்னு சொன்னீங்களே."

மதிலுக்கு அப்பாலிருந்து தர்மராஜின் குரல் வந்தது. "சார், மேல அம்மா கூப்புட்டுகினே கீது. காதுல வுழலியா?"

அவனுக்குத் தெரியாது. அந்த வீட்டில் அம்மா என்று எவரும் இல்லை என்பது அவனுக்குத் தெரியாது. ஆனால் தெருவில் மற்றவர்களுக்குத் தெரியும். எதிர்வீட்டுக் கதவு திறக்கும் சத்தமும் கேட்டது.

வால்யூமைக் குறைத்தார். குறையவில்லை. மின்சார பிளக்கைப் பிடுங்கினார். சிவப்பு விளக்கு அணைந்தது. குரல் அணையவில்லை. மைக் ஒயரையும் பிடுங்கினார்.

அப்போதுதான் ஊளை எழுந்தது. முதலில் சன்னமாக. பிறகு கூர்மையாக. மைக்கை ஸ்பீக்கருக்கு அருகே கொண்டுவந்தால் அப்படி ஊளையிடும். பாடப்புத்தகம் வேறு காரணம் சொல்லவில்லை.

மைக் மாடியில். பூட்டிய அறையில்.

படிக்கட்டைப் பார்த்தார். கைப்பிடியோடு இறுகியிருந்த ஒயர் தளர்ந்தது. ஒரு படி. சுருண்டு விழுந்தது. அடுத்த படி. இன்னும் ஒரு சுருள்.

ஊளை உயர்ந்தது.

அவர் கண்களை மூடிக்கொண்டார்.

நின்றது. எல்லாம் நின்றது. மழைகூட.

உதட்டில் கம்பிவலை பட்டது. குளிர்ந்த, ஈரமான வலை. அவர் கையை எதுவோ தூக்கியது. விரல்களை மைக்கைச் சுற்றி மடக்கியது. ஒவ்வொன்றாக.

வாசலில் காலடிகள். பலருடையவை. "சார்?"

ஸ்பீக்கரிலிருந்து, தெருவெல்லாம் கேட்கும்படி, அவருடைய மூச்சு வெளியே வந்தது. பெட்டி அவர் பேசுவதற்காகக் காத்திருந்தது.

மணி ஐந்து நாற்பத்திரண்டு.