மணிக்குகையில் கள்ளக்கடல்

மணிக்குகைக்குப் போயே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் குணாளன்தான். அவனுடைய அக்கா வான்மதிக்கு ஆரம்பத்திலிருந்தே அதில் மனம் ஒப்பவில்லை.

கல்லூரி விடுமுறையில் இருவரும் திண்டுக்கல்லிலிருந்து குமரிக் கடலோரத்துக் கூட்டப்பாறைக்கு வந்திருந்தார்கள். பாறைகள் கடலுக்குள் இறங்கி நிற்கும் சின்ன மீனவ ஊர் அது. ஜெனிட்டா என்ற பெண் தன் வீட்டு மாடியறையை விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். கடலில் மூழ்கிப் பாறைச் சிப்பி எடுப்பவள். ஊருக்கு வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறவளும் அவளே.

வந்த சூட்டோடு அவர்கள் கலங்கரை விளக்கத்தின் மேலே ஏறிப் பார்த்தார்கள். பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் நட்சத்திர மீன்களைத் தேடினார்கள். காலையில் மீன் ஏலம், மதியம் மிளகு போட்டு வதக்கிய சிப்பி. அந்த ஏலக் கூட்டத்தில்தான் மணிக்குகை என்ற பெயர் குணாளன் காதில் விழுந்தது.

"கடல் கொந்தளிக்கும்போ உள்ளருந்து மணிச் சத்தம் கேக்கும்," என்றாள் ஜெனிட்டா. "முங்கிப்போன கப்பலுக்க மணின்னு சொல்லுவாவ. அதுல செத்தவிய அடிக்கியாவன்னும் சொல்லுவாவ. சத்தம் கேட்டா இங்க கதவ அடச்சிருவாவ."

"நீங்க பாத்திருக்கீங்களாக்கா?"

"சின்னப் பிள்ளையில, அப்பன்கூடப் போய் ஒரு தடவ பாத்தேன். குடம் அளவு மணி. அதுக்குப் பொறவு போனதில்ல."

அது போதும் குணாளனுக்கு. ஒரு நாள் முழுக்கக் கெஞ்சினான். கடைசியில், கடல் வற்றும் பிற்பகல் ஒன்றில் ஜெனிட்டா சம்மதித்தாள். அன்று கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. காற்றே இல்லை. மணிக்குகைக்குப் போவதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த அவள் கணவன் டெல்லஸ், "சட்டுனு திரும்பிரு," என்று மட்டும் சொன்னான்.

பாறை விளிம்பு பாசி பிடித்து வழுக்கியது. இடுப்பளவுத் தண்ணீரில் ஓர் இடுக்கைக் கடந்ததும் குகையின் வாய் தெரிந்தது. குனிந்துதான் நுழைய முடிந்தது. உள்ளே சட்டென்று குளிர்ந்தது. அழுகிய பாசியின் வாடை வீசியது. எங்கோ அடியில் தண்ணீர் புகுந்து வெளியேறும் ஓசை, பெரிய மிருகம் ஒன்று தூங்கும் மூச்சைப்போல் இருந்தது. திரும்பிவிடலாம் என்று சொல்ல வான்மதி இரண்டு முறை வாயெடுத்தாள். தம்பி கேலி செய்வான் என்று விழுங்கிக்கொண்டாள்.

குகையின் கோடியில், ஆளுயரத்தில் ஒரு பாறைத் தட்டு நீட்டிக்கொண்டிருந்தது. ஜெனிட்டா டார்ச்சை உயர்த்தினாள். இரண்டு பாறைகளின் இடுக்கில் சிக்கி, பச்சைக் களிம்பேறி, தலை சாய்ந்து தொங்கியது மணி.

"நிசமாவே இருக்குக்கா," என்று கிசுகிசுத்தான் குணாளன். தட்டின் மேல் ஏறி அதைத் தொட்டான். உள்ளே நாக்கு இல்லை. தட்டின் மேல் உருண்டைக் கற்கள் கிடந்தன. பெரிய அலைகள் அந்தக் கற்களை எறிந்துதான் மணி ஒலிக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. சிரித்துக்கொண்டே படம் எடுத்தான். அந்தக் கொஞ்ச நேரம் வான்மதிக்கும் பயம் மறந்துவிட்டது.

அப்போது குகைத் தரையில் கிடந்த தண்ணீர் சரசரவென்று வெளியே ஓடியது. கடைசிச் சொட்டு வரை வடிந்து, அடிமணல் தெரிந்தது. நண்டுகள் திகைத்து ஓடின.

"பாரு, திரும்பிப் போக வழி இன்னும் லேசாயிருச்சு," என்று தட்டிலிருந்து குதித்தான் குணாளன்.

ஜெனிட்டாவின் முகம் மாறியதை வான்மதி பார்த்தாள். "மேல ஏறு," என்றாள் அவள். "ரெண்டுபேரும் மேல ஏறுங்க. கள்ளக்கடலு."

காற்றும் மழையும் இல்லாமல், எங்கோ தொலைதூரப் புயலில் பிறந்து, திருடனைப்போல் கரைக்கு வரும் அலைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். வான்மதி தட்டில் ஒரு காலை வைத்தபோது குகை வாயில் வெளிச்சம் அணைந்தது. வாசல் முழுவதையும் தண்ணீர் அடைத்துக்கொண்டு வந்தது. அடைபட்ட காற்று காதுக்குள் குத்தியது. அலை அவளைத் தூக்கிப் பாறையில் மோதியது. முழங்காலில் ஏதோ கிழிந்தது. ஜெனிட்டாவின் கை அவள் பின்னலைப் பிடித்து மேலே இழுத்தது.

டார்ச் போய்விட்டது. குணாளனின் கைபேசியும் போய்விட்டது. உச்சியில் முறம் அகலத்துக்கு ஒரு பிளவு மட்டும் வானத்தைக் காட்டியது. அது எட்டாத உயரத்தில் இருந்தது. சுவரில் கால் வைக்கப் பிடிப்பில்லை. மூவரும் கத்தினார்கள். அலையின் இரைச்சலில் அவர்கள் குரல் அவர்களுக்கே கேட்கவில்லை.

"நான் நீந்தி வெளிய போயிர்றேன்," என்று இறங்கப் போனான் குணாளன்.

ஜெனிட்டா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "வாசல்ல பாறையாக்கும். தேங்கா ஒடைக்கியமாதிரி ஒடச்சிரும். இரு."

அடுத்த அலை தட்டின் மேல் ஏறியது. அதற்கடுத்தது முழங்காலுக்கு வந்தது. எல்லாம் தெரிந்தவள் என்று நம்பிய ஜெனிட்டாவின் உடம்பு நடுங்குவதை, ஒட்டி நின்ற வான்மதி உணர்ந்தாள். "எனக்கு ரெண்டு பெம்பிளப்பிள்ளைய," என்று அவள் யாரிடமோ முறையிடுவதுபோல் முணுமுணுத்தாள். அதைக் கேட்டதும் வான்மதி காலடியில் கற்களைத் துழாவினாள்.

ஒரு கல்லை எடுத்து மணியில் ஓங்கி அடித்தாள். குகை அதிர்ந்தது. மறுபடி அடித்தாள்.

"அடிச்சு என்னத்துக்கு மக்ளே?" என்றாள் ஜெனிட்டா. " செத்தவியன்னு நெனச்சு ஓடுவாவ. ஒருத்தனும் வரமாட்டான்."

வான்மதியின் கை நின்றது. தினமும் உச்சிவேளையில் மாடியறைக்குக் கேட்கும் தேவாலய மணி அவளுக்கு நினைவு வந்தது. "உங்க கோயில்ல மதியம் அடிப்பாங்களே, அது எப்படிக்கா?"

ஜெனிட்டா அவளைப் பார்த்தாள். "மூவேளை செபத்துக்கா? மூணு அடி. நிறுத்தி, மூணு. நிறுத்தி, திரும்பவும் மூணு."

"இப்ப அது அடிக்கிற நேரம் இல்லதானே?"

"இல்ல. இன்னும் பொழுது கிடக்கு."

வான்மதி மூன்று முறை அடித்தாள். நிறுத்தினாள். மூன்று முறை அடித்தாள். அலை வந்தபோது மூவரும் மணியையே கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். வடிந்ததும் குணாளன் கல்லை வாங்கி அடித்தான். கல் உடைந்தது, வேறு கல் எடுத்தார்கள். உள்ளங்கை கிழிந்து இரத்தம் வழிந்தது. தண்ணீர் மார்புக்கு வந்தது. யாரும் வரவில்லை. அடிக்கும் முறை மாறாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வான்மதியால் முடிந்தது. அதை விட்டால் அலறிவிடுவாள் என்று அவளுக்குத் தெரிந்தது.

பிளவில் நிழல் விழுந்தது.

"ஆரு உள்ள?"

"நான்தான்," என்று கத்தினாள் ஜெனிட்டா. டெல்லஸின் குரல் அது. அவளுக்கு அழுகை வெடித்துவிட்டது.

கயிறு இறங்கியது. கால் கிழிந்தவள் முதலில் போகட்டும் என்று வான்மதியைக் கட்டினார்கள். மேலே இழுக்கப்படும்போது கீழே தம்பியின் தலையை அலை மூடித் திறப்பதைப் பார்த்துக்கொண்டே போனாள். அடுத்து அவன் வந்தான். கடைசியாக ஜெனிட்டாவுக்குக் கயிறு விட்டபோது பேரலை ஒன்று குகையை நிரப்பியது. பிளவின் வழியே தண்ணீர் மேலேயே பீறிட்டது. கயிறு தளர்ந்து கிடந்தது.

டெல்லஸ் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டான். கயிறு ஒரு முறை சுண்டியது.

டெல்லஸோடு ஓடி வந்தவர்களும் சேர்ந்து இழுத்தார்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, உப்புத் தண்ணீரைக் கக்கியபடி ஜெனிட்டா வெளியே வந்தாள். டெல்லஸ் அவளைப் பாறையில் உட்காரவைத்துத் தன் துண்டால் முகத்தைத் துடைத்தான்.

கடல் ஏறியதும் படகுகளை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் மணியைக் கேட்டு முதலில் சிலுவை போட்டுக்கொண்டார்களாம். "செத்தவிய எதுக்கு மூவேளைக்கு மணி அடிக்கப் போறாவ? உயிரோட இருக்கியவனுக்குத்தான் செபம் வேணும்னு நெனச்சேன், ஓடியாந்தேன்," என்றான் டெல்லஸ். ஊரே கூடி அவர்களைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனது. யாரோ கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தார்கள். ஜெனிட்டாவின் மகள்கள் இருவரும் அம்மாவின் ஈரப் புடவையை விடவே இல்லை.

கடல் அடங்க இரண்டு நாள் ஆயிற்று. ஊருக்குக் கிளம்பும் காலையில், கட்டுப் போட்ட காலோடு வான்மதி மணலில் உட்கார்ந்திருந்தாள். ஜெனிட்டா சிப்பிப் பையோடு தண்ணீரை நோக்கிப் போனாள்.

"பயமா இல்லையாக்கா?"

"பயமாட்டுத்தான் இருக்கு," என்றாள் ஜெனிட்டா. "அதனால இன்னைக்குப் பக்கத்துப் பாறையோட சரி."

குணாளன் அவள் பின்னாலேயே நடந்தான். கணுக்கால் நனைந்ததும் நின்றான். கடலைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"இன்னும் ஓரடி வரலாமாக்கா?"

ஜெனிட்டா நின்று திரும்பினாள். தொடுவானம் வரை கடலை நிதானமாகப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"வா."