பன்னிரண்டு கிலோஹெர்ட்ஸ் தள்ளி

லேப்டாப் திரையின் வலது பாதியில், தலைமுடி ஒன்று விழுந்து ஒட்டிக்கொண்டதைப் போல ஒரு கோடு தெரிந்தது. டாங்கோ புறங்கையால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை.

வெள்ள நிவாரணக் கட்டுப்பாட்டு அறையில் மூன்று நாள் ரேடியோவும் கையுமாக உட்கார்ந்திருந்துவிட்டு, அன்று மதியம்தான் அவர் வீடு திரும்பியிருந்தார். பிழைப்புக்கு லிப்ட் மெக்கானிக். ஆசைக்கு அமெச்சூர் ரேடியோ. அவருடைய அழைப்புக்குறி 'டாங்கோ' என்று முடிவதால் காற்றலையில் பேசும் எல்லாருக்கும் அவர் டாங்கோதான். கரண்ட் இல்லாமல் நின்றுபோயிருந்த லிப்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து மூன்று மாடி ஏறி வந்திருந்தார். சட்டையிலிருந்து சேற்று வாடை இன்னும் போகவில்லை. கண்ணை மூடினால் உள்ளே மணல் உறுத்தியது. காதுக்குள் ஹெட்போன் இரைச்சல், கழற்றி வைத்த பிறகும், ஓயாமல் கொதித்துக்கொண்டே இருந்தது.

"கொஞ்ச நேரம் படுங்களேன். ரிப்போர்ட் எங்க ஓடிடப் போகுது?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

"சாயங்காலத்துக்குள்ள குடுத்தாகணும். எந்தச் செய்தி எத்தனை மணிக்குப் போச்சுன்னு எழுதிட்டாப் போதும்."

அதற்காகத்தான் முதல் ராத்திரியின் பதிவை ஓடவிட்டிருந்தார். தீப்பெட்டி அளவு கருவி ஒன்று, ஆன்டெனாவில் வந்து விழுவதையெல்லாம் எண்களாக்கி லேப்டாப்புக்குள் கொட்டும். மிச்ச வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். அது பதிந்துவைப்பது ஒரு நிலையத்தை மட்டுமல்ல, அக்கம்பக்கத்து அலைவரிசைகள் அத்தனையையும். சந்தையின் மொத்த இரைச்சலையும் அள்ளி வந்து வைத்துக்கொண்டு, பிறகு ஆற அமர எந்தக் கடை முன்னால் வேண்டுமானாலும் போய் நின்று கேட்பதைப் போல. நீலத் திரையில் ஒவ்வொரு நிலையமும் ஒரு வெள்ளைக் கோடாக மேலிருந்து கீழே வழியும்.

நடுவுக்கு இடப்பக்கம் தடித்து வழிந்தது அவர் பேசிய அலைவரிசை. அந்த மயிரிழை அதிலிருந்து பன்னிரண்டு கிலோஹெர்ட்ஸ் தள்ளி, நடுவுக்கு வலப்பக்கம். போலி என்று நினைத்தார். மலிவான கருவிகள் பலமான சிக்னலுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பொய்ப் பிம்பத்தைக் காட்டுவது வழக்கம்தான். ஆனால் பொய்ப் பிம்பம் நிஜத்தோடு சேர்ந்து மின்னும், சேர்ந்து அணையும். இது அவர் பேசும்போதெல்லாம் நின்றது. அவர் பேசி முடித்ததும் வந்தது. தன் முறைக்காகக் காத்திருக்கும் ஆளைப் போல.

மவுஸை நகர்த்தி அதன்மேல் வைத்தார். இரைச்சல் விலகியது.

"டாங்கோ, டாங்கோ. கேக்குதா?" பெண் குரல். பதற்றமே இல்லை. "பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி மஞ்ச வீடு. ஆறு பேர் இருக்கோம். தண்ணி நாலாவது படி."

பதிவின் கடிகாரம் இரவு ஏழு பத்து என்றது. எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அந்த மஞ்சள் வீட்டை அவருக்குத் தெரியும். 'ஆறு உடல்கள், மாடியறை' என்ற செய்தியை இரண்டாம் நாள் காலையில் நான்கு இடங்களுக்கு வாசித்ததே அவர்தான். எழுத்து எழுத்தாக, பிசகில்லாமல்.

பதிவை முன்னால் தள்ளினார். எட்டு மணிக்கு ஏழாவது படி. ஒன்பதரைக்கு, "ஒன்பதாவது படி. சின்னவனத் தோள்ல வச்சிருக்கோம். கேக்குதா?"

அவள் பதிலுக்காகக் காத்திருந்த அந்த இடைவெளியில், மவுஸைத் தன் பழைய கோட்டுக்கு நகர்த்தினார். அங்கே அவருடைய சொந்தக் குரல் சிரித்துக்கொண்டிருந்தது. ரொட்டிப் பொட்டலங்களின் எண்ணிக்கையை வாசித்து முடித்த கையோடு, தூக்கம் வராமலிருக்க, எதிர்முனைக்காரரிடம் சர்க்கரையில்லாத டீயைப் பற்றிப் பத்து நிமிடம் கதையளந்திருக்கிறார்.

ரேடியோ சங்கத் தலைவருக்குப் போன் போட்டார்.

"தலைவரே, அந்த மஞ்ச வீட்ல நம்ம ஆளு யாராவது ரேடியோ வச்சிருந்தாங்களா?"

"அங்கயா? தையல்காரம்மா வீடுய்யா அது. ரேடியோவுக்கு அவங்க எங்க போவாங்க?" தலைவர் கொட்டாவி விட்டார். "அவங்கள எடுக்கும்போது நான்தான் நின்னேன். தண்ணி ஒரே மூச்சுல வந்திருக்கு. மேல இருந்த கடிகாரமே சாயங்காலம் அஞ்சு அம்பதோட நின்னு போச்சு. அப்பவே எல்லாம் முடிஞ்சிருக்கும். இப்ப எதுக்கு அதெல்லாம்? போய்ப் படுய்யா."

போனைக் கீழே வைத்தார். ஐந்து ஐம்பது. முதல் அழைப்பு ஏழு பத்து.

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவும் தெம்பில்லை. இரவு இரண்டு பத்துக்கு அந்தக் குரல், "பதினாலு. இதுக்கு மேல படி இல்ல," என்றது. கோடு அறுந்தது. வெறும் நீலம் வழிந்தது.

"மன்னிச்சிடும்மா," என்றார் திரையைப் பார்த்து. "அன்னிக்குக் கேக்கல."

அறுந்த கோடு மறுபடி வந்தது.

"இப்ப கேக்குதா?"

இது பதிவு. மூன்று நாள் பழசு. டிரான்ஸ்மிட்டர் பைக்குள் கிடக்கிறது. பேட்டரியைக் கழற்றியாயிற்று. நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். கடிகாரம் நின்றது. கோடு நிற்கவில்லை.

முப்பது வருடப் பழக்கம். யாராவது கூப்பிட்டால் வாய் தானாகப் பதில் சொல்லிவிடும்.

"கேக்குது," என்றார்.

"சரி. நாங்க கெளம்பிட்டோம். முதல் படி."

கீழே, மாடிப்படியில், நனைந்த சாக்கை இழுத்து வைப்பதைப் போல ஒரு சத்தம். நின்றது. மறுபடி.

"ஆறு."

ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார்.

"பத்தொம்பது."

மெதுவாகத்தான் ஏறினார்கள். அவர்களும் களைத்திருந்தார்கள். எழுந்திருக்கப் பார்த்தார். சேற்று வாடை. இது சட்டையிலிருந்து வரவில்லை.

"முப்பத்தெட்டு."

"யார்கூடங்க பேசிட்டிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"அம்பத்தி நாலு." குரல் நின்றது.

கதவு தட்டப்பட்டது. ஈரக் கையால் தட்டும் சத்தம்.

"நீங்க உக்காருங்க, நான் பாக்கறேன்." மனைவி கையைத் துடைத்துக்கொண்டே அவரைத் தாண்டிப் போனாள். வேண்டாம் என்றார். உதடு மட்டும் அசைந்தது. தாழ்ப்பாள் விலகியது.

"ஐயோ பாவம், இப்படி நனைஞ்சு வந்திருக்கீங்களே," என்றாள் அவள். "குழந்தைய இப்படிக் குடுங்க."

பிறகு எதுவும் கேட்கவில்லை.

திரையில் ஆறு கோடுகள். பக்கத்தில் பக்கத்தில்.

ஏழாவதாக ஒன்று. மெல்லியதாக.

"என்னங்க," என்றது, வயர் பிடுங்கிய ஸ்பீக்கர். "கேக்குதா?"

கதவு திறந்து கிடந்தது. அங்கே யாரும் இல்லை. மூன்றாம் மாடி வாசலைத் தாண்டி, பழுப்புத் தண்ணீர் ஓசையில்லாமல் உள்ளே வந்துகொண்டிருந்தது.