ஈரத்தில் கிடக்கும் மலை

கட்டைவிரலை மலைக்குள் அழுத்துவதுதான் காலையில் என் முதல் வேலை. போன வருடம் நகம் மட்டும் பதிந்தது. இந்த ஐப்பசியில் முதல் கணு வரை போகிறது.

கருமலை ஒரு காலத்தில் சம்மட்டியையே எகிற வைத்த பாறை. காற்றிலிருக்கும் கரியமில வாயு மழைநீரில் கலந்து பாறையை அரிக்கும். பாறை களியாகும், வாயு நீரில் கரைந்தபடி கடலுக்குப் போகும். இயற்கை இதற்கு லட்சம் வருடம் எடுத்துக்கொள்ளும். எங்கள் துறை தெளிக்கும் சிதைவூக்கி நுண்ணுயிருக்குப் பன்னிரண்டே வருடம் போதும். உலகம் குளிர வேண்டுமாம், அதனால் மலைகளைக் கரைக்கிறோம். கரையும் மலையின் அடியில் யார் குடியிருப்பது? கடல் விழுங்கிய குப்பங்களைக் கொண்டுவந்து போட்டார்கள். எங்கள் குப்பமும் அப்படி வந்ததுதான். அதில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். படித்தது களிமண் கனிமவியல்.

மலையிலிருந்து எடுத்த களியை மின்னடுப்பில் காயவைத்து, பொடித்து, எக்ஸ் கதிரில் பார்ப்போம். கயோலின் என்ற கெட்டிக் களி வந்தால் மலை பத்திரம். எல்லா மலைக்கும் கயோலின்தான் வந்தது.

இன்று காலை அடுப்பு பழுது. பொறுமையில்லாமல் மாதிரியை ஈரமாகவே கருவியில் வைத்தேன். வந்தது ஹாலோய்சைட். கண்ணுக்குத் தெரியாத குழல்கள், அவற்றின் அடுக்குகளுக்குள் நீர். காயவைத்தால் அந்த நீர் போய்விடும், திரும்ப வராது. அப்புறம் கயோலினின் முகத்தையே காட்டும். ஈரத்தில் இது அசையாதவரை கல். குலுங்கினால் கஞ்சி.

இயக்குநர் ரகோத்தமனிடம் ஓடினேன்.

"காயவெச்சுதான் பாக்கணும் தேசராணி. அதான் முறை."

"மலை காஞ்சா சார் நிக்குது? மழையில நிக்குது!"

"இதே முறையிலதான் மத்த மலைக்கெல்லாம் பத்திரம்னு சொல்லியிருக்கோம். அதுக்கெல்லாம் நான் என்ன பதில் சொல்ல?"

"அடிவாரத்துல ஜனங்க இருக்காங்க சார்."

"உங்க ஜனங்க. அதான் பதட்டப்படுறீங்க. படிச்ச பொண்ணு இப்படிக் கத்தலாமா?"

"படிச்சதாலதான் சார் கத்துறேன்."

கீழே வந்து அபாயச்சங்கை ஊதினேன். களஆய்வாளர் என்பதால் சாவி என்னிடம் இருந்தது. மலை அசையாமல் ஊதினால் வேலை போகும், சங்கையும் துறை பிடுங்கிக்கொள்ளும். தெரிந்துதான் ஊதினேன்.

குப்பம் முழுக்க மழையில் நெடுஞ்சாலைக்கு ஏறி நின்றது. மத்தியானம் ஆயிற்று. மலை அப்படியே நின்றது. பிள்ளைகள் பசியில் அழுதன.

"கடல் வர்துன்னு எழுப்பி இங்க கொண்டாந்து போட்டானுங்க. இப்ப மலை வர்தாக்கும்?" என்றாள் கோதாவரிச் சித்தி. "நாளைக்கு வானம் வுழுதுன்னு சொல்லு கண்ணு, கொடையோட வரேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிரி சித்தி. அது வுழும்போது உள்ள இருந்தா சிரிக்க வாய் இருக்காது."

"வாயப் பாரு. இன்னும் எவ்ளோ நேரம்டீ?"

எது விழும் என்று என் படிப்பு சொல்லும். எப்போது என்று சொல்லாது.

ரகோத்தமன் போனில் வந்தார். "விழலையே? சாவிய ஆபீஸ்ல குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க. ஜனங்களையும் போகச் சொல்லுங்க." பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் அது கேட்டது. பாய்களைச் சுருட்டத் தொடங்கினார்கள். கைகளை விரித்து வழியை மறித்தேன். சித்தி என் கையைத் தட்டிவிட்டாள்.

மழை இன்னும் நாலு நாள் இருக்கிறது. இன்று திரும்பினால், நாளைக்கு நான் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருவரும் எழ மாட்டார்கள். ஊதச் சங்கும் இருக்காது.

நைனா மட்டும் என் பக்கத்தில் நின்றார்.

"வுழுமாம்மா?"

"வுழும் நைனா."

"உங்கம்மா படம் உள்ளதான் கீது. அவசரத்துல மறந்துட்டேன்." மலையைப் பார்த்துக் கைகூப்பினார். "ஆத்தா, நில்லு. எங்கள இன்னொரு தபா தூக்கிப் போடாத." என் பக்கம் திரும்பினார். "நீயும் கும்புடும்மா."

கோதாவரிச் சித்தி பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே ஐந்தாறு பேர்.

நானும் கைகூப்பினேன். விழு. இவர்கள் வீடு போய்ச் சேருவதற்குள் விழுந்து தொலை.