நாலு மணிக்குச் சாவு, ஒன்பது பதினேழுக்குச் செய்தி

இதில் வரும் ஒவ்வொரு எழுத்தும் உண்மை. என் மூக்குக்கண்ணாடி மேல் ஆணை. அது இல்லாவிட்டால் எனக்கு எதிரில் நிற்பது மனைவியா, மர பீரோவா என்று தெரியாது. அப்பேர்ப்பட்ட பொருளின் மேல் யாராவது பொய் சத்தியம் செய்வார்களா?

பிற்பகல் இரண்டு பத்து.

டெலிபோன் அலறியது.

மனைவி எடுத்தாள். கேட்டாள். முகம் சுருங்கியது. ரிசீவரை என்னிடம் நீட்டினாள்.

"உங்க மெஷினைப் பத்தி யாரோ பேசறாங்க."

"ஹலோ..."

மறுமுனையில் ஓர் ஆண் குரல். ஈரத்துணி போலக் குளிர்ந்த குரல்.

"உங்க மெஷின் இன்னிக்குக் காலைல ஒம்பது பதினேழுக்கு எங்க பத்திரிகைத் தளத்துக்கு வந்துட்டுப் போச்சு."

"தினமும்தான் வருது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை."

"ஒம்பது பதினேழுக்கு எதை எடுத்துட்டுப் போச்சு?"

"நான் இன்னும் பாக்கலையே..."

"பாக்காதீங்க. உங்களுக்கு நல்லதில்ல."

கட்.

மெஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாமான் அறையில், பழைய தலையணைகளுக்கும் உடைந்த மின்விசிறிக்கும் நடுவே, ஒரு கம்ப்யூட்டர். அதற்குள் ஒரு ஃபீட் ரீடர். நூற்று நாற்பது செய்தித் தளங்களுக்கு மாறி மாறிப் போய், புதிதாக வந்ததையெல்லாம் அள்ளி வந்து ஒரே இடத்தில் அடுக்கும். அது குடியிருப்பது இரண்டு கன்டெய்னர்களில். துறைமுகத்தில் நிற்பது அல்ல. கம்ப்யூட்டருக்குள் கட்டிய தடுப்பறைகள். ஒன்று செய்தி எடுத்து வரும். மற்றது ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

யாருடைய தளத்துக்குப் போனாலும் இந்த நிரல் 'நான் இன்னார்' என்று ஒரு வரி சொல்லிவிட்டுத்தான் நுழையும். அந்த வரியில் என் பெயரையும் டெலிபோன் நம்பரையும் சேர்த்திருந்தேன். ஒரு மரியாதைக்கு.

"கண்ட இடத்துல நம்பர் எழுதாதீங்கன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன்" என்றாள் மனைவி.

பாக்காதீங்க என்று சொன்னால் எவன் பார்க்காமல் இருப்பான்?

பார்த்தேன்.

அது மரணச் செய்தி. நான் நாற்பது வருடம் ப்ரூஃப் பார்த்த பத்திரிகையின் ஆசிரியர், எல்லோரும் 'பெரியவர்' என்றழைக்கும் அந்த மனிதர், 'இன்று மாலை நான்கு மணியளவில் தமது இல்லத்தின் மாடிப்படியில் தவறி விழுந்து காலமானார்.'

கடிகாரத்தைப் பார்த்தேன்.

இரண்டு பதினைந்து.

செய்தியின் மூலப் பக்கத்தைத் தட்டினேன். 'நீங்கள் தேடும் பக்கம் இல்லை' என்றது. காலையிலேயே அழித்திருக்கிறார்கள். உலகத்தில் அதற்கு மிச்சமிருந்த ஒரே பிரதி, என் சாமான் அறையில்.

பெரியவர் வீட்டுக்கு டயல் செய்தேன். எடுத்தது ஆண் குரல்.

"மாமா தூங்கறாரு."

"எப்போ எழுந்திரிப்பாரு?"

ஒரு கனைப்பு. பிறகு...

"நாலு மணிக்கு."

அதே ஈரத்துணி!

பெரியவரின் மருமகன். பத்திரிகையின் இணையதளம் அவர் கையில்தான் இருந்தது. நாளைக் காலை பெரியவர் புதிய ஆசிரியரை அறிவிக்கப்போகிறார் என்பதும், அந்த நாற்காலி மருமகனுக்கு இல்லை, மகளுக்கு என்பதும் அலுவலகத்தில் மேஜை துடைப்பவர் வரை எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த போன், மனைவியின் தம்பிக்கு. அவர் இன்ஸ்பெக்டர். விஷயத்தைச் சொன்னதும் கொட்டாவி கேட்டது.

"அத்தான், பெரிய மனுஷங்க சாவுச் செய்தியெல்லாம் பேப்பர்காரங்க முன்னாடியே எழுதி வெச்சிடுவாங்கன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க?"

"ஆமா. பெரியவரோடதை நானே ஏழு தடவ ப்ரூஃப் பார்த்திருக்கேன். பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் அவரே வாங்கிப் படிச்சு, புகழ்ச்சி போதலைன்னு திருப்பி அனுப்புவாரு."

"அப்புறம் என்ன?"

"அதுல ரெண்டு இடம் எப்பவும் காலியா இருக்கும், மாப்ளே. எப்போ செத்தாரு, எப்படிச் செத்தாரு. அது ரெண்டும் இப்ப நிரம்பியிருக்கு."

கொட்டாவி நின்றது.

போட்டோ அனுப்பட்டுமா என்று கேட்டேன். போட்டோவை எவன் வேண்டுமானாலும் ஜோடிப்பான், மெஷினில் வந்த நேரத்தோடு தன் கண்ணால் பார்க்காமல் ஒரு பெரிய மனிதர் வீட்டுக்குள் போலீஸ் நுழைய முடியாது என்றார். ஊருக்கு வெளியே இருந்தார். ஒரு மணி நேரம் கேட்டார்.

இரண்டு ஐம்பது.

காலிங் பெல்.

மனைவி தம்பிதான் என்று நினைத்துத் திறந்தாள்.

தம்பி இல்லை. மருமகன்.

இஸ்திரி கலையாத சட்டை. மெல்லிய புன்னகை. உள்ளே வந்தவர் தானே திரும்பி, தானே தாழ்ப்பாளைப் போட்டார். மனைவிக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா. நான் சொல்ற வரைக்கும் எழுந்திரிக்காதீங்க" என்றார். அவ்வளவு பணிவாக.

மனைவி உட்கார்ந்தாள். டெலிபோன் வயர் அவர் கையோடு வந்தது. எங்கள் செல்போன்கள் அவர் பைக்குள் போயின.

"ஒரு சின்ன பிழை திருத்தம் சார். நாலு பத்துக்கு வெளியாகணும்னு நேரம் குறிச்சு வைக்க வேண்டிய செய்தி. தப்பான பட்டனை அழுத்திட்டேன். ரெண்டே நிமிஷம்தான் வெளில இருந்துச்சு. அந்த ரெண்டு நிமிஷத்துல உங்க மெஷின் மட்டும் வந்திருக்கு."

"என் ராசி அப்படி, தம்பி."

சாமான் அறைக்குக் கூட்டிப்போனேன். திரை முன் உட்கார்ந்தார். விரல்கள் வேகமாக ஓடின. ஆளுக்குத் தொழில் தெரிந்திருந்தது.

"கன்டெய்னர் ரெண்டா?"

"ரெண்டு."

"டேட்டாவை வெளில எங்கயாவது தனியா வெச்சிருக்கீங்களா?"

"வெளிலயா? வெளில எதுக்கு? எல்லாம் உள்ளதான் இருக்கும்... உள்ளதானே இருக்கும்?"

கூடத்திலிருந்து மனைவியின் குரல். "அவரை ஏம்ப்பா கேக்கற? மூக்குக்கண்ணாடியை மூக்குல வெச்சிக்கிட்டே வீடு பூரா தேடற மனுஷன்."

அவர் நம்பவில்லை. ஃபோல்டர்களைத் திறந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தபடி கீழே இறங்கினார். என் முதுகில் வேர்வை ஒரு கோடு போட்டது. ஒரு பெயரில் அவர் விரல் நின்றது. உதட்டைப் பிதுக்கினார். தாண்டிப் போனார்.

பிறகு இரண்டு கன்டெய்னரையும் நிறுத்தினார். நீக்கினார். அவற்றைக் கட்டும் அச்சுகளையும் துடைத்தார். திரையில் வெறும் கறுப்பு.

எழுந்து என் தோளைத் தட்டினார்.

"யார்கிட்ட வேணாலும் சொல்லுங்க. ஆதாரம் கிடையாது. வயசானவரு, மறதின்னு விட்டுடுவாங்க."

"எங்களை ஒண்ணும் செய்யப்போறதில்லையா?"

"ஒரே நாள்ல மூணு பேரா? பேப்பர்ல இடம் பத்தாது சார்."

மூன்று பத்துக்குப் போனார். போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போனார்.

மனைவி ஓடி வந்தாள். "போச்சா?"

"கன்டெய்னர் போச்சு."

"உள்ள இருந்தது?"

நான் ஒரே ஒரு வரி தட்டினேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள், புது வெர்ஷன் போடுகிறேன் பேர்வழி என்று நானே கன்டெய்னரை நீக்கி, எட்டாயிரம் செய்தியைப் பறிகொடுத்தவன். கன்டெய்னரோடு உள்ளே இருந்ததும் போய்விடும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு நாள் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து டேட்டா உள்ளே தங்குவதே இல்லை. வெளியே ஒரு ஃபோல்டரில் எழுதப்படும். கன்டெய்னர் அழிந்தாலும் அது அங்கேயே கிடக்கும். புதுக் கன்டெய்னர் வந்து, விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அந்த ஃபோல்டருக்கு நான் வைத்த பெயர், 'எங்கள் கல்யாண வீடியோ'.

சொந்தப் பிள்ளைகளே அதைத் திறந்ததில்லை. கொலைகாரன் திறப்பானா?

அச்சுகள் இணையத்திலிருந்து மறுபடி இறங்கின. இருபது சதவீதம்... நாற்பது... எழுபதில் நின்றது. அசையவில்லை. மூன்று இருபத்தைந்து. மனைவி என் தோளைப் பிடித்தாள். நகம் பதிந்தது. எழுபத்தொன்று...

நூறு!

வாசல் பூட்டு உடையும் சத்தம். இன்ஸ்பெக்டர். தன் கண்ணால் பார்த்தார். ஒன்பது பதினேழு. மாடிப்படி. நான்கு மணி.

"அத்தான், வண்டில ஏறுங்க."

மூன்று ஐம்பத்தெட்டு. பெரியவர் வீடு.

மாடிப்படியின் மேல் படியில் பெரியவர், கைத்தடியோடு. இரண்டாம் படியில் எண்ணெய் பளபளத்தது. பின்னால் மருமகன்.

"மெதுவா இறங்குங்க மாமா..."

ஒரு கை, பெரியவரின் முதுகை நோக்கி நீண்டது.

அந்தக் கையை இன்னொரு கை பிடித்தது. பின்கட்டு வழியாக ஏறிய இன்ஸ்பெக்டரின் கை.

மருமகன் கீழே நின்ற என்னைப் பார்த்தார். புன்னகை முதல் முறையாகக் காணாமல் போனது.

"அழிச்சேனே சார்..."

"எங்க கல்யாணத்தை நீங்க பாக்காம விட்டுட்டீங்க, தம்பி."

பெரியவரை இன்ஸ்பெக்டர் கைத்தாங்கலாக, எண்ணெய்ப் படியைத் தாண்டி இறக்கிவிட்டார். நடந்ததைச் சொல்லி, இன்ஸ்பெக்டர் தன் போனில் படமெடுத்திருந்த செய்தியைக் காட்டினேன். எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தார். மறுபடி முதல் வரிக்கே போனார். பயம் என்று நினைத்தேன்.

"என்னய்யா இது? வெறும் 'ஆசிரியர்'னு போட்டிருக்கான். 'மாபெரும் ஆசிரியர்' எங்க? நீ ப்ரூஃப் பார்த்தியா இல்லியா?"

அவ்வளவுதான் நடந்தது. ஒரு எழுத்தும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சந்தேகப்படுகிறவர்கள் பெரியவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அடையாளம் சுலபம். அந்தத் தெருவிலேயே மாடி இல்லாத வீடு அது ஒன்றுதான்.