மூடிய கண்களின் பதில்

பஸ் ஓட்டுநர் மனைவியோடு வந்து சேர்ந்தபோது மதியம் ஒன்றரை மணி. மருத்துவமனையின் பழைய கட்டடத்தில், மாடிப்படி முடிகிற இடத்தில் இருந்தது தூக்க ஆய்வு அறை. ஒரு கட்டில். சுவரில் சின்ன ஒலிபெருக்கி. ஜன்னலை அடைத்த கறுப்புத் துணி. கதவைச் சாத்தினால் உள்ளே பகல் செத்துவிடும்.

பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்வது டெக்னீஷியன் பெண்ணின் வேலை. நாலு பேர் இருந்தால் வாயே திறக்கமாட்டாள். ஆனாலும் மைக்கை டாக்டர் அவளிடம்தான் கொடுத்திருந்தார். தூங்குகிறவரை எழுப்பிவிடாத குரல் அவளுடையது.

ஓட்டுநருக்கு ஆறு மாதமாக ஒரே கனவு. நீளமான நடைவழி, கடைசியில் ஒரு கதவு, உள்ளேயிருந்து ஏதோ தட்டுகிறது. அலறி எழுந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. இரவெல்லாம் பஸ் ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிற ஆள். போன மாதம் நாற்பது பயணிகளோடு பாலத்தின் சுவரை உரசிக்கொண்டுதான் வண்டி நின்றது. தூக்கம் சரியாகிவிட்டது என்று டாக்டர் எழுதித் தரும்வரை அவர் வண்டியைத் தொடக் கூடாது.

இது கனவுதான் என்று கனவுக்குள்ளேயே தெரிந்துவிட்டால் ஓட வேண்டியதில்லை. நின்று, கதவைத் திறந்து பார்த்துவிடலாம். பார்த்துவிட்டால் பயம் விட்டுப்போகும். அதுதான் வைத்தியம். அதற்காக மூன்று வாரமாக, விழித்திருக்கும்போதெல்லாம் உள்ளங்கையைப் பார்த்து 'இது கனவா?' என்று கேட்டுப் பழகிக்கொண்டிருந்தார்.

"கையைப் பாத்துக் கேட்டாப் பரவாயில்ல மேடம்," என்றாள் மனைவி. "நேத்து என் மூஞ்சியைப் பாத்துக் கேக்கறார். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழிச்சு."

"கனவா இருந்தாத் தேவலைன்னு ஒரு ஆசைதான்," என்றார் அவர்.

டெக்னீஷியன் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருடைய கண்ணோரங்களில் ஒயர்களை ஒட்டினாள். கனவு வரும்போது உடம்பு மரத்துக் கிடக்கும். கண்கள் மட்டும் அசையும். அதனால் கண்தான் பேச வேண்டும். கனவென்று தெரிந்ததும் இடமும் வலமுமாக மூன்று முறை. ஆமாம் என்றால் ஒரு முறை. இல்லை என்றால் அசைக்கவே வேண்டாம். எண்ணைக் கேட்டால் அத்தனை முறை.

நாற்பது நிமிடம் கழித்து, திரையில் கண்ணசைவைக் காட்டும் கோடு துள்ளியது.

ஒன்று. இரண்டு. மூன்று.

அவள் மைக்கை அழுத்தினாள். "கதவுக்குப் பக்கத்துல வந்துட்டீங்களா?"

ஒரு முறை.

"தனியா இருக்கீங்களா?"

அசைவில்லை.

இந்தக் கேள்வி டாக்டர் கொடுத்த பட்டியலில் இல்லை. ஏன் கேட்டோம் என்று அவளுக்கே புரியவில்லை. ஆனாலும் மேலே கேட்டாள். "எத்தனை பேர் இருக்கீங்க?"

இரண்டு முறை.

"பயப்படாதீங்க. கதவைத் திறங்க."

அலறல் சுவரைத் தாண்டிக் கேட்டது. அவள் ஓடிப்போய் விளக்கைப் போட்டாள். ஓட்டுநர் கட்டிலின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

"நல்லா பதில் சொன்னீங்கண்ணா," என்றாள், அவரைத் தேற்ற.

"நான் எங்கம்மா பதில் சொன்னேன்? கனவுன்னே எனக்குத் தெரியல. ஓடிக்கிட்டே இருந்தேன்."

"என் குரல் கேட்டுச்சா?"

அவர் தயங்கினார். "கேட்டுச்சு. கதவுக்கு உள்ளேருந்து. திறங்க, திறங்கன்னீங்க." எச்சிலை விழுங்கினார். "அப்புறம் அழுதீங்க."

டாக்டர் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "தூங்கறவனுக்குக் குரல் எங்கேருந்து வேணா வரும். நீயும் சயின்ஸ் படிச்சவதானே?"

படித்தவள்தான். அன்று அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். தெரிந்தே கண்ணை அசைத்ததுபோலக் கோடுகள் அத்தனை சுத்தமாக இருந்தன.

அடுத்த வாரம், ஒயர் ஒட்டும்போது அவர் காதருகே குனிந்தாள். "இன்னிக்கு நான் பேசவே போறதில்ல. யார் குரல் கேட்டாலும் திறக்காதீங்க."

"சரிம்மா."

மைக்கை அணைத்ததோடு நிற்காமல் அதன் ஒயரையும் பிடுங்கி வைத்தாள்.

கோடு துள்ளியது. மூன்று முறை.

அவள் பேசவில்லை. அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

ஒரு முறை.

அப்புறம் ஒன்றுமில்லை. யாரோ அடுத்த கேள்வியைக் கேட்டு முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவுதான்.

மறுபடி ஒரு முறை.

அவள் எழுந்து ஓடினாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். ஓட்டுநர் நிதானமாகக் கண் திறந்து, சிரித்தார்.

"திறந்துட்டேன்மா. உள்ள யாருமே இல்ல. காலி அறை."

"திறக்காதீங்கன்னு சொன்னேனே."

"நீங்கதானே அப்புறம் சொன்னீங்க, முன்னாடி சொன்னதை மறந்துடுங்கன்னு."

அவள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே, ஓட்டுநர் வண்டி ஓட்டலாம் என்ற சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். "மைக் இல்லாமலே திறந்துட்டாரா? இன்னும் நல்லது."

நான்கு நாள் கழித்து, சாயங்காலம் ஆறரைக்கு, ஆய்வு அறைக்குப் போன் வந்தது. ஓட்டுநரின் மனைவி.

"அவர் இப்பதான் டூட்டிக்குக் கிளம்பினார் மேடம். நல்லாத் தூங்கறார், இல்லைன்னு சொல்லல. ஆனா தினம் மத்தியானம் நீங்க போன்ல பேசித் தூங்க வைக்கிறது எனக்குச் சரியாப் படல."

"நான் பேசறதே இல்லையே அக்கா."

"பேசற குரல் எனக்குத் தெரியாதா? வாசல்ல நின்னு கேட்டேன். நீங்க கேக்கறீங்க, அவர் கண்ணு இமைக்குள்ள இங்கயும் அங்கயும் ஓடுது."

"அப்ப அவர் போன் எங்க இருந்துச்சு?"





"சமையலறையில." குரல் இறங்கிவிட்டது. "சார்ஜ்ல போட்டது நான்தான்."

"இன்னிக்கு நான் என்ன கேட்டேன்?"

"ராத்திரி பஸ்ல எத்தனை பேர் வருவாங்கன்னு."

"அவர் என்ன சொன்னார்?"

"கண்ணு ரொம்ப நேரம் நிக்கவே இல்ல, மேடம்."

"உடனே அவருக்குப் போன் பண்ணுங்க. வண்டியை ஓரமா நிறுத்தச் சொல்லுங்க. என்ன ஆனாலும் சரி, நிறுத்தச் சொல்லுங்க."

வைத்துவிட்டுக் காத்திருந்தாள். டிப்போவின் எண்ணைத் தேடிப் பிடித்தாள். யாரும் எடுக்கவில்லை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போடக்கூட அவள் எழவில்லை.

போன் அடித்தது.

"எடுத்தாரா அக்கா?"

மிக மெல்ல, பக்கத்தில் யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, அவர் மனைவி பேசினாள்.

"அவர் எடுக்கல. நீங்கதான் எடுத்தீங்க. வண்டி ஓட்டறார், தொந்தரவு பண்ணாதீங்கன்னீங்க."

அவள் போனைக் காதோடு அழுத்தினாள்.

"மேடம்... அப்ப இங்க என்கிட்ட பேசறது யாரு?"