குழிக்கு ஒரு குடை

துருவிக்கு அன்று காலையிலிருந்தே தலை கிறுகிறுத்தது. காய்ச்சல் எதுவும் இல்லை. எல்லாம் ஒரு தொட்டி செய்த வேலை.

"அடியில்லாத தொட்டியா?" என்று மறுபடியும் கேட்டாள்.

"ஆமா" என்றாள் அம்மா, வேலைக்குப் போட்டுக்கொள்ளும் பெரிய பூட்ஸின் கயிற்றை இறுக்கிக்கொண்டே.

"அடி இல்லன்னா தண்ணி எப்படிம்மா நிக்கும்?"

"நிக்கக் கூடாதுடி. அதுக்குத்தான் அந்தத் தொட்டி."

பெரியவர்கள் சில நேரம் இப்படித்தான். ஒரு கேள்விக்குப் பதில் கேட்டால், புதிதாக இரண்டு கேள்விகளைக் கையில் திணித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

துருவி என்பது அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் தெரு வைத்த பெயர் அது. வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

அம்மாவுக்கு மண்ணைச் சோதிக்கும் வேலை. பாலமோ கட்டடமோ எழுப்பும் முன்னால், அடியில் இருக்கும் மண் எப்படிப்பட்டது என்று பார்த்துச் சொல்வாள். வீட்டிலும் அந்த வேலை அவளை விடாது. துருவியின் செருப்பில் ஒட்டிய மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்து, "இது களிமண்ணாச்சே. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி என்ன வேலை உனக்கு?" என்பாள். இப்படி ஓர் அம்மா இருந்தால் எந்தப் பொய்தான் எடுபடும்?

அவர்கள் தெரு சுற்றுவட்டாரத்திலேயே மிகவும் தாழ்வானது. சும்மா ஒரு மழை பெய்தால் போதும், தண்ணீர் கேட்காமல் கொள்ளாமல் வீட்டுக்குள் வந்துவிடும். கட்டில் கால்களுக்கு அடியில் எப்போதும் செங்கல் இருக்கும். துருவியின் பாடப் புத்தகங்கள் அலமாரியின் உச்சியில் குடியிருந்தன. போன மழையில் அவளுடைய ஒற்றைச் செருப்பு மிதந்து போனதுதான், இன்றுவரை திரும்பவில்லை.

அதனால்தான் தெருக்கோடியில் இருக்கும் காலி மைதானத்துக்கு அடியில் அந்தத் தொட்டியைக் கட்டப்போகிறார்கள். தெருவின் மழைத்தண்ணீர் முழுவதும் அதற்குள் போய்ச் சேர வேண்டும். ஆனால் அங்கே இருக்கும் மண் தண்ணீரை உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் தொட்டி வேறு பகுதிக்குப் போய்விடும்.

"அப்போ நம்ம தெரு?" என்று கேட்டாள் துருவி.

"காத்திருக்கணும்" என்றாள் அம்மா. எத்தனை மழைக்கு என்று அவள் சொல்லவில்லை.

பள்ளி விடுமுறை என்பதால் துருவியும் மைதானத்துக்குப் போனாள். அங்கே மூன்று குழிகள் தயாராக இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்தான், ஆனால் நல்ல ஆழம். மண் சரியாமல் இருக்க உள்ளே ஒரு குழாயை இறக்கி, அதன் வாய் தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டிருந்தார்கள். குழிகளைப் போட்டவர் துளை மாமா. துளை போடும் இயந்திரத்தை ஓட்டுபவர் என்பதால் துருவி அவரை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"பாரு, மேலே களிமண், கீழே மணல்" என்று பெட்டியில் வரிசையாக அடுக்கியிருந்த மண்ணைக் காட்டினார் துளை மாமா. "இந்த மணல் தண்ணியப் பார்த்தா விடாது. சர்ருனு இழுத்துக்கும்."

அம்மா பீப்பாயிலிருந்து தண்ணீரை மொண்டு மூன்று குழிகளிலும் ஊற்றினாள். ஒவ்வொன்றிலும் ஒரு நீளமான அளவுக்குச்சியை நட்டு, தண்ணீர் எதுவரை இருக்கிறது என்று பார்த்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு குழியைச் சுற்றியும் நாலு கம்பு ஊன்றி, இடுப்பு உயரத்துக்குச் சிவப்பு நாடா கட்டினாள்.

"இதைத் தாண்டி யாரும் வரக் கூடாது. நீயும்தான்" என்றாள்.

முதல் குழியில் தண்ணீர் இறங்கியது. இரண்டாவதிலும் இறங்கியது. மூன்றாவது குழி மைதானத்தின் ஓரமாக, ஒரு வீட்டுப் பின்சுவரை ஒட்டி இருந்தது. அம்மா அங்கே போய்க் குனிந்து பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"தம்பி, இங்க கொஞ்சம் வாங்க" என்று துளை மாமாவைக் கூப்பிட்டாள். "இதுல தண்ணி இறங்கலை."

"அப்படியேவா இருக்கு?"

"அப்படியே இருந்தாக்கூடப் பரவாயில்ல. ஏறியிருக்கு."

மூன்று பேரும் குழியைப் பார்த்தார்கள். குழி அவர்களைப் பார்த்தது.

"அடியில ஊற்று இருக்கும்க்கா" என்றார் துளை மாமா.

"துளை போட்டப்போ ஒரு சொட்டு ஈரமில்லையே."

"அப்போ பக்கத்துல ஏதோ குழாய் உடைஞ்சிருக்கு." சொல்லிவிட்டு அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழாயைத் தேடக் கிளம்பினார். முதலில் வேலியோரம் தோண்டினார். பிறகு மரத்தடியில் தோண்டினார். கொஞ்ச நேரத்தில் முழங்கை வரை சேறானதுதான் மிச்சம்.

அம்மா அடிக்கடி வந்து மூன்றாவது குழியை எட்டிப் பார்ப்பதும், பெருமூச்சு விடுவதும், மற்றக் குழிகளைப் பார்க்கப் போவதுமாக இருந்தாள். அவள் போய்த் திரும்பும்போதெல்லாம் தண்ணீர் கொஞ்சம் கூடியிருந்தது.

"சாயங்காலம் இஞ்சினியர் வந்துடுவார். நாளைக்கு மெஷினை வேற இடத்துக்குக் கொண்டுபோறாங்க" என்றாள் அம்மா. குரலில் சுரத்தே இல்லை.

"மூணாவது குழியைப் பத்திச் சொல்லாம விட்டுடேன்மா."

"மூணாவது குழிக்கு மேலயும்தானே தொட்டி வரப்போவுது? மண்ணு வாங்கலைன்னா, எல்லாம் கட்டி முடிச்ச பிறகு தண்ணி நம்ம வீட்டுக்கே திரும்பி வரும்."

துருவிக்கு அழுகை வந்தது. செங்கல் மேல் நிற்கும் கட்டில் கண்முன் வந்தது. அழுதால் தண்ணீர் இறங்கிவிடுமா என்ன? மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நாடாவுக்கு வெளியே மண்டியிட்டுக் குழாயின் வாயை எட்டிப் பார்த்தாள்.

தண்ணீர் தெளிவாக இருந்தது.

துருவி தலையைச் சொறிந்தாள். பீப்பாய்த் தண்ணீர் துரு கலந்து பழுப்பாக இருக்கும். ஊற்றுத் தண்ணீராக இருந்தால் மண் கலங்கியிருக்கும். இதுவோ வீட்டுக் குழாயில் பிடித்ததுபோல் பளிச்சென்று இருந்தது. அப்படியானால் இது அடியிலிருந்து வரவில்லை. மேலேயிருந்து வருகிறது. ஆனால் வானம் இன்னும் ஒரு துளிகூடப் போடவில்லையே.

தரையைப் பார்த்தாள். குழியின் மூன்று பக்கமும் மண் காய்ந்து கிடந்தது. சுவர்ப் பக்கத்தில் மட்டும் சொட்டுச் சொட்டாக ஈரம். அந்தச் சொட்டுகள் சுவரில் செங்கல் பெயர்ந்த ஒரு சந்துக்குள் போய் மறைந்தன.

துருவி அடுக்கி வைத்திருந்த குழாய்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. சந்துக்குள்ளிருந்து முதலில் ஒரு விளையாட்டு வாளி வந்தது. அதற்குப் பின்னால் அந்த வீட்டுப் பையன் பட்டாணி வந்தான். பட்டாணிக்கு இன்னும் பள்ளிக்கூடம் போகும் வயது ஆகவில்லை. வாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, நாடாவுக்கு அடியில் குனியாமலே நடந்துபோனான். இடுப்பு உயரத்தில் கட்டிய நாடா பெரியவர்களையெல்லாம் தடுத்தது, பட்டாணியின் தலைமுடியைக்கூடத் தொடவில்லை.

அவன் வாளியைக் குழிக்குள் கவிழ்த்தான். உள்ளே எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"டேய் பட்டாணி" என்று மெதுவாகக் கூப்பிட்டாள் துருவி. "என்னடா பண்றே?"

பட்டாணி திடுக்கிட்டான். வாளி கீழே விழுந்தது.

"அக்கா, அத்தைகிட்ட சொல்லிடாதே."

"சொல்லலை. எதுக்கு ஊத்தினே, அதைச் சொல்லு."

"அத்தை ஊத்தின தண்ணி குறைஞ்சிட்டே இருந்துச்சு. அத்தை வந்து வந்து பார்த்தாங்க. பாவமா இருந்துச்சு. அதான் நிரப்பினேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "நிரப்பியும் அத்தை சிரிக்கலை. அதான் இன்னும் நிரப்பினேன்."

துருவிக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. காலையிலிருந்து மூன்று பேர் மண்டையை உடைத்துக்கொண்ட மர்மம், இதோ மூக்கொழுகிக்கொண்டு நிற்கிறது. இவனைத் திட்டி விரட்டலாம். ஆனால் அம்மாவின் முகம் வாடினால் பட்டாணி வாளியோடு திரும்பி வருவான். மனசு பொறுக்காது அவனுக்கு.

பீப்பாயிலிருந்து வாளியில் தண்ணீர் மொண்டுகொண்டு, துளை போட்டபோது வெளியே வந்த மணல் குவியலுக்கு அவனைக் கூட்டிப்போனாள். "இதுல ஊத்து" என்றாள்.

பட்டாணி வாளித் தண்ணீரை ஊற்றினான். மணல் அதைச் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டது.

"தண்ணி எங்க போச்சு?"

"உள்ள."

"உள்ள போயிட்டா நம்ம வீட்டுக்கு வருமா?"

பட்டாணி மணலைப் பார்த்தான். அவன் வீட்டிலும் கட்டிலுக்கடியில் செங்கல் உண்டு. "வராது" என்றான்.

"அதான். குறைஞ்சாத்தான் அத்தைக்குச் சந்தோஷம். குறையணும்னுதான் வந்து வந்து பார்க்கறாங்க. மண்ணு உள்ள வாங்கிக்கணும்னுதான் அந்தத் தொட்டிக்கு அடியே..."

துருவி பாதியில் நிறுத்தினாள். வாய் திறந்தபடியே இருந்தது. அடியில்லாத தொட்டி அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

அடுத்து அவனைக் கூட்டிக்கொண்டு அவள் போனது அம்மாவிடம் அல்ல, துளை மாமாவிடம். அவர் மூன்றாவது இடத்தில் தோண்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்க வருத்தமா இருக்கீங்கன்னு ஒருத்தங்க உதவி பண்ண வந்து, அது தப்பாப் போயிட்டா, திட்டுவீங்களா?"

"ஏன் திட்டணும்?" என்றார் அவர், நெற்றிச் சேற்றைச் சேற்றுக் கையால் துடைத்தபடி.

"சத்தியமா?"

"சத்தியமா. ஏன் கேக்கறே?"

துருவி சொன்னாள். துளை மாமா தான் தோண்டிய மூன்று பள்ளங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பட்டாணியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, சத்தியம் நினைவுக்கு வந்து, மூடிக்கொண்டார்.

துளை மாமாவே போய் விஷயத்தைச் சொன்னதும், அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். காலையிலிருந்து அவள் சிரிக்கக் காத்திருந்த பட்டாணி, இப்போது அவள் ஏன் சிரிக்கிறாள் என்று தெரியாமல் விழித்தான். முழங்கால் உயரத்தில் இன்னொரு நாடாவைக் கட்டினாள் அம்மா. குழியிலிருந்த தண்ணீரை இறைத்துவிட்டு, புதிதாக அளந்து ஊற்றினாள்.

"மத்த ரெண்டும் முடிஞ்சாச்சு. இதுவும் இஞ்சினியர் வர்றதுக்குள்ள முடிஞ்சுடும்" என்று சொல்லி வாய் மூடவில்லை, வானம் இருண்டது. பெரிய பெரிய துளிகள் விழத் தொடங்கின.

"போச்சு. மழைத்தண்ணி குழிக்குள்ள விழுந்தா அளவு கெட்டுடும்" என்றாள் அம்மா. அளவுக்குச்சி நீட்டிக்கொண்டிருந்ததால் குழாய்க்கு மூடி போட முடியாது. இருந்த ஒரே தார்ப்பாயையும் மண் பெட்டிகள் மேல் போட்டாகிவிட்டது.

துருவி ஓடிப்போய் அம்மாவின் கறுப்புக் குடையை எடுத்து வந்தாள். விரித்துக் குழாயின் மேல் பிடித்தாள். அவள் தலை நனைந்தது, முதுகு நனைந்தது. காற்று குடையைப் பிடுங்கப் பார்த்தது. சின்னக் கைகள் இரண்டு வந்து குடைக்கம்பைக் கீழ்ப்பக்கமாகப் பிடித்துக்கொண்டன.

தெருவிலிருந்து வழிந்த தண்ணீர் அவர்கள் பாதத்தைத் தொட்டது. துளை மாமா குழாயைச் சுற்றி மண்ணை வெட்டிப்போட்டு வரப்பு கட்டினார். அம்மா தார்ப்பாயின் ஓரத்தை அமுக்கிக்கொண்டு, இங்கிருந்தே கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள்.

"அக்கா, குறையுது" என்று கிசுகிசுத்தான் பட்டாணி. பழைய நினைவில் அவன் கண் ஒருமுறை வாளிப் பக்கம் போனது. பிறகு கம்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

அப்போதுதான் இஞ்சினியர் வந்து சேர்ந்தார். மழைக்கோட்டு போட்டிருந்தும் மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டியது. சேற்றில் குளித்த ஒருவரைப் பார்த்தார். தார்ப்பாயைக் கட்டிப்பிடித்திருந்த அம்மாவைப் பார்த்தார். கொட்டுகிற மழையில் ஒரு குழிக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளைப் பார்த்தார். ஒன்றும் புரியாமல் கிட்டே வந்தார்.

"குழி நனையக் கூடாதா?" என்று கேட்டார்.

"நீங்களே பாருங்க சார்" என்றாள் அம்மா.

இஞ்சினியர் குனிந்து அளவுக்குச்சியைப் பார்த்தார். காத்திருந்து மறுபடியும் பார்த்தார். அவர் புருவம் உயர்ந்தது. "நல்லா வாங்குதே" என்றார். "அப்போ தொட்டி இங்கேயே வரட்டும்."

போன மழையில் போன ஒற்றைச் செருப்பு துருவிக்கு ஏனோ நினைவுக்கு வந்தது. இனி வாங்கும் செருப்பு ஜோடியாகவே இருக்கும்.

"ஆனா எனக்கு ஒண்ணு புரியலையே" என்று சத்தமாக ஆரம்பித்தார் இஞ்சினியர். "இந்தக் குட்டிப்பையன் யாரு? நாடாவுக்குள்ள இவனுக்கு என்ன வேலை?"

பட்டாணி குழியிலிருந்து கண்ணை எடுக்காமல், உதட்டின் மேல் விரலை வைத்தான்.

"உஷ். சத்தம் போடாதீங்க. குறைஞ்சிட்டிருக்கு."