இன்னொண்ணு சொல்லு

கத்ரியா ஒத்துக்கொண்டாள். கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

"நீ சொல்றது சரிதான்" என்றாள், இரண்டாம் மாடிச் சமையலறை ஜன்னலிலிருந்து. நான்காம் மாடி ஜன்னலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த இன்ஷிராஹின் கை அப்படியே நின்றது.

இந்த இரண்டு பெண்களும் மர்ம நாவல்களை முன்னிட்டு வருடக்கணக்காகச் சண்டை போட்டு வருகிறார்கள். கத்ரியா ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. பழைய புத்தகக் கடையில் அள்ளிக்கொண்டு வருவாள், இரவெல்லாம் விளக்கை எரியவிட்டுப் படிப்பாள், கடைசி அத்தியாயத்தில் மூக்கைச் சிந்தி அழுவாள். பிறகு அதே புத்தகங்களை இன்ஷிராஹுக்குக் கொடுப்பாள். பள்ளிக்கூடத்தில் புவியியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற இன்ஷிராஹ், அவற்றைத் திட்டுவதற்காகவே படிப்பாள். புத்தகங்களைக் கூடையில் வைத்துக் கயிற்றில் இறக்கும்போது கூடவே தீர்ப்பும் இறங்கும். அந்த நேரத்தில் மற்ற சமையலறைகளில் வானொலிச் சத்தம் குறையும். கட்டணமில்லாத நாடகத்தை யார் விடுவார்கள்?

ஷுப்ராப் பேட்டையில் எங்கள் கட்டடத்தின் நடுவே, தரையிலிருந்து மொட்டைமாடி வரை, கிணறு போல ஒரு காற்றுவெளி உண்டு. எல்லாச் சமையலறை ஜன்னல்களும் அதற்குள்தான் திறக்கும். யார் வீட்டில் என்ன வேகிறது, எந்த மருமகள் எந்த மாமியாரை என்ன சொன்னாள், எல்லாம் அதன் வழியாகத்தான் ஊர் போய்ச் சேரும். ஜன்னல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருப்பதால் மேலே நிற்பவளுக்குக் கீழே நிற்பவளின் முகம் தெரியாது. குரல்தான் வரும். குரல் வந்தால் ஆளே வந்த மாதிரி எங்களுக்கு. அரை மணி நேரம் பேசி, சண்டை போட்டு, சமாதானமாகி, முகத்தையே பார்க்காமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டு போவோம்.

"என்னடி சொன்ன?" என்றாள் இன்ஷிராஹ்.

"நீ சொல்றது சரிதான்னேன்."

"நான் என்ன சொன்னேன்னு கேட்டியா முதல்ல? அந்தப் பச்சை அட்டைப் புத்தகத்துல கொலைகாரன் டாக்டர்தான்னு ரெண்டாம் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சுன்னேன். கதையில வேலையே இல்லாம ஒருத்தன் காப்பி குடிக்க வந்துட்டுப் போறான்னா அவன்தானே கொன்னிருக்கணும்? இதைக் கண்டுபிடிக்க அந்த இன்ஸ்பெக்டருக்கு முந்நூறு பக்கம்! என் கிளாஸ்ல இருந்தா பெஞ்சு மேல ஏத்தியிருப்பேன்."

வழக்கமாக இந்த இடத்தில் கத்ரியா, "உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாது, கல்லு!" என்று கத்துவாள். இன்று வந்தது இவ்வளவுதான்:

"இன்னொண்ணு சொல்லு."

நோன்பு, பாவம், நாக்கு வறண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் இன்ஷிராஹ். ரமலானின் பிற்பகல் அது. காற்றுவெளி முழுக்கச் சமையல் மணம். முதல் மாடியில் வெங்காயம் பொன்னிறமாகிக்கொண்டிருந்தது, ஐந்தாம் மாடியில் மொலோகியாக் கீரைக்குக் கொத்தமல்லியும் பூண்டும் நெய்யில் பொரிந்தன. எங்கோ ஓர் அடுப்பில் கோழியின் தோல் கருகி அந்த வாசனை படியேறி வந்து பசித்த வயிறுகளைக் கிள்ளியது. இத்தனைக்கும் நடுவே இரண்டாம் மாடியிலிருந்து மட்டும் வேறொன்று வந்தது. நெடுநாள் பூட்டிக் கிடந்த குளியலறையைத் திறந்தால் வருமே, ஈரச் சுண்ணாம்பும் அழுக்கு நீரும் கலந்த குளிர்ந்த வாடை, அது.

"உன் வீட்டுல இன்னும் அடுப்பே பத்த வைக்கலியாடி?"

"இன்னொண்ணு சொல்லு."

கேட்பவள் இருந்தால் இன்ஷிராஹுக்கு வேறென்ன வேண்டும்? இரண்டாவது புத்தகத்தை எடுத்தாள். கடற்கரை மாளிகை, ஒரு குடும்பம், ஒவ்வோர் அத்தியாயம் முடியும்போதும் மின்சாரம் போய்விடும். "நம்ம தெருவுலகூட இப்படிப் போறதில்லைடி! அந்த ஊரு மின்சாரக் கம்பெனிக்காரன் கதாசிரியனுக்கு மச்சான் போலிருக்கு. அப்புறம் அந்தப் பொண்ணு. பயந்தா முதுகுத்தண்டு சில்லிட்டதாம். பக்கத்துக்குப் பக்கம் சில்லிடுது. அது முதுகுத்தண்டா, ஐஸ் பெட்டியா?" சொல்லிவிட்டு மூக்கால் ஒரு சிரிப்பு சிரித்தாள். 'ஹ்ம்க்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்குப் பயந்து வீட்டுப்பாடம் எழுதியவர்கள் இந்தப் பேட்டையில் இன்று தாத்தாக்களாகிவிட்டார்கள்.

கீழே யாரும் சிரிக்கவில்லை.

"அந்தச் சிரிப்பு" என்றது கத்ரியாவின் குரல். "அதை இன்னொரு தடவை. மெதுவா."

"கிண்டல் பண்றியா?"

"மெதுவா சிரி."

சிரிக்கவில்லை இன்ஷிராஹ். புத்தகங்களைக் கூடையில் போட்டு, "இந்தா, உன் குப்பையெல்லாம் பிடி" என்று கயிற்றை விட்டாள். கத்ரியா கூடையைப் பிடித்ததும் கயிற்றை வெடுக்கென்று இழுப்பாள், இது பழைய ஏற்பாடு. இன்று இழுப்பு இல்லை. கயிறு மெல்ல, மிக மெல்ல இறுகியது, மறுமுனையில் இருப்பவர் பாரத்தை எடை போட்டுப் பார்ப்பது போல.

அப்போதுதான் வாசல் மணி அடித்தது.

ஐந்தாம் மாடி நஜாத், கையில் துணி மூடிய தட்டு, பின்னால் புத்தாடையில் பிள்ளைகள். மாமியார் வீட்டில் நோன்பு திறக்கக் கிளம்பியிருந்தாள். "கதாயிஃப் இனிப்பு பண்ணேன், சூடா இருக்கு, எடுத்துக்கோங்க அப்லா" என்றாள். ஒருகாலத்தில் அவளும் இன்ஷிராஹிடம் படித்தவள்தான், டீச்சரைக் கூப்பிடும் அந்த 'அப்லா' போகவில்லை. "கத்ரியா அத்தைக்கும் ஒரு பங்கு வச்சிருந்தேன். இருக்கட்டும், ஊருலேர்ந்து வரட்டும்."

"எந்த ஊரு?"

"தெரியாதா உங்களுக்கு? முந்தாநேத்து ராத்திரியே தன்தாவுக்கு ஓடினாங்களே, மகளுக்கு வலி எடுத்துடுச்சுன்னு. பேரனாம்! வீடு பூட்டிக் கிடக்கு."

"அடி போடி. இப்பதானே அவகூடப் பேசிட்டு வரேன். ஜன்னல்ல நிக்கிறா."

நஜாத் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வெறும் வயிறு அப்லா. தலை சுத்தும். நோன்பு திறக்கற வரைக்கும் கொஞ்சம் படுங்க" என்று பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு இறங்கினாள். அவர்கள் செருப்புச் சத்தம் மூன்றாம் மாடியைத் தாண்டியது. குவைத்தில் இருக்கும் ஒருவரின் வீடு அது, எப்போதும் பூட்டுதான். இரண்டைத் தாண்டியது. தேய்ந்தது.

கதவைச் சாத்திய இன்ஷிராஹ் கைப்பேசியை எடுத்தாள். கத்ரியாவின் கைப்பேசி அணைந்திருந்தது. அவள் அதற்கு மின்னேற்றினால்தான் அதிசயம். ஆகவே வீட்டுத் தொலைபேசிக்கு அடித்தாள். காதில் ஒரு மணி. இரண்டு மாடிக்குக் கீழே, காற்றுவெளியின் வழியே, நிஜமான மணி. கத்ரியாவின் கூடத்தில் அந்தப் பழைய கறுப்புப் பெட்டி நடுங்கி நடுங்கி அடிப்பது தெளிவாகக் கேட்டது. யாரும் எடுக்கவில்லை.

"விடு, அது அடிக்கட்டும்" என்றது ஜன்னல் குரல். "மூணாவது புத்தகம் என்னாச்சு? சொல்லு."

பயம் முதுகில் வரவில்லை. ஈறுகளில் வந்தது. பற்களின் வேரில் ஈயத்தை ஊற்றியது போல வாய் கனத்துப்போயிற்று. புத்தகக்காரர்களுக்கு இதுகூடத் தெரியவில்லை என்று அப்போதும் ஒரு மூலையில் தோன்றியது அவளுக்கு. பழக்கதோஷம்.

திருடனாக இருக்கலாம். பூட்டிய வீட்டில் புகுந்தவன், மாட்டிக்கொள்ளாமலிருக்கக் குரல் மாற்றிப் பேசுகிறான். ஆனால் எந்தத் திருடன் மர்ம நாவலுக்கு விமர்சனம் கேட்பான்? கத்ரியா கொடுத்துவைத்த மறுசாவி இருக்கிறது, கீழே போய்ப் பார்க்கவா? 'தனியா இறங்கிப் போற எவளும் சாகட்டும், எனக்கு அனுதாபமே கிடையாது' என்று எத்தனை கதாநாயகிகளைத் தூற்றியிருக்கிறாள்! இறங்கவில்லை அவள். தன்னை அறிவாளி என்று நினைத்துக்கொண்டு, சமையலறைச் சுவரில் ஒட்டி நின்றாள். கேட்டாள்.

முதல் மாடியில் வெங்காயம் அடங்கிவிட்டது. வானொலி இல்லை. சூரியன் இறங்கும் நேரம், அவரவர் சாப்பாட்டு மேசைக்குப் போய்விட்டார்கள். அந்த அமைதியில், கீழிருந்து, மிகத் தணிந்த குரலில் யாரோ பாடம் ஒப்பிப்பது கேட்டது.

"அது முதுகுத்தண்டா... ஐஸ் பெட்டியா. அது முதுகுத்தண்டா, ஐஸ் பெட்டியா?"

கத்ரியாவின் குரல் இல்லை.

"என் கிளாஸ்ல இருந்தா பெஞ்சு மேல ஏத்தியிருப்பேன்."

இன்ஷிராஹின் குரல். அவளுடையதே. கரகரப்பும் இழுப்பும் ஆளை மட்டம் தட்டும் அந்தத் தோரணையும். பிறகு ஒரு சிரிப்பு, மூக்கால். சரியாக வரவில்லை. மறுபடியும். கொஞ்சம் நெருங்கியது. மறுபடியும்.

வந்துவிட்டது.

ஜன்னல் கம்பியில் கட்டிய கயிறு இன்னும் விறைப்பாக இருந்தது. மறுமுனையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது எதுவோ. பூண்டு நறுக்கிய கத்தியால் அறுத்தாள் இன்ஷிராஹ். அறுந்த கயிறு தொப்பென்று விழவில்லை. ஜன்னல் விளிம்பில் கொஞ்சம் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. கைமாற்றிக் கைமாற்றி யாரோ சுருட்டி எடுப்பது போல, அவசரமே இல்லாமல், கீழே போயிற்று.

பால்கனிக்கு ஓடினாள். யாரையாவது கூப்பிட வேண்டும். தெருவில் யார் இருக்கிறார்கள்? ரமலானில் அந்தி நேரத்து ஷுப்ராவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஊரையே யாரோ துடைத்து எடுத்த மாதிரி இருக்கும். கடைகளில் ஆளில்லை. வீட்டுக்கு வீடு கயிறு கட்டித் தொங்கவிட்ட காகித விளக்குகள் மட்டும் காற்றில் ஆடின. பூனைகூட இல்லை.

ஒரு டாக்சி வந்தது. அலறியடித்துக்கொண்டு வந்து நின்றது. கறுப்பு மேலங்கி, கையில் பெரிய பை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியவள் கத்ரியா.

நிஜமான கத்ரியா.

"வராத!" என்று கத்தினாள் இன்ஷிராஹ். "கத்ரியா! உள்ள வராத!"

பாங்கு ஆரம்பித்தது. தெருமுனைப் பள்ளிவாசலில் முதலில், அடுத்த நொடி பின்தெருவில், பிறகு எல்லாத் திசையிலும். ஒலிபெருக்கிகள் வானத்தை நிரப்பின. அவள் கத்தியது அவள் காதுக்கே கேட்கவில்லை. இரண்டு கையையும் வீசினாள். கத்ரியா கண்ணை இடுக்கி மேலே பார்த்தாள். சிரித்தாள். அவளும் கை வீசினாள். பையைத் தூக்கிக் காட்டினாள், பேரன் பிறந்த இனிப்பு. விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனாள். சாப்பிட என்ன வச்சிருக்க? வாசலுக்குள் நுழைந்தாள்.

படிக்கட்டு.

நான்காம் மாடியிலிருந்து மூன்றாம் மாடிவரை இறங்கினாள். கைப்பிடியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எழ முடியவில்லை. பாங்கு ஓய்ந்தது. கீழே, கம்பிகளின் இடைவெளியில், இரண்டாம் மாடி வாசலும் அதன் மஞ்சள் விளக்கும் தெரிந்தன. மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தாள் கத்ரியா.

கதவு திறந்திருந்தது. ஒரு சாண்.

"ஓடு!" என்றாள் இன்ஷிராஹ். குரல் கிழிந்து, கிறீச்சிட்டு, யாருடையதோ போல வந்தது. அவள் வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. "ஓடிப்போ! உள்ள இருக்கு! அது நான் இல்ல! உன் கால்ல விழறேன் கத்ரியா, ஓடு!"

கத்ரியா நின்றாள். தலையை நிமிர்த்தினாள். "யாரு அது?"

கதவிடுக்கிலிருந்து பதில் வந்தது. சாவதானமாக, கரகரப்பாக, ஏளனமாக.

"நஜாத் வீட்டு டிவிதான்டி. ரமலான் தொடர், அதுலயும் ஒரு கத்ரியா. என்ன கத்து கத்தறா பாரு. இதுக்குப் பேரு பயமாம். பயப்படவும் தெரியல, நடிக்கவும் தெரியல." மூக்கால் ஒரு சிரிப்பு. "உள்ள வா. சாவி என்கிட்டத்தானே ஒண்ணு இருக்கு, வந்து சமைச்சு வச்சிருக்கேன்."

கத்ரியாவின் முகம் மலர்ந்தது. இந்தக் குரலைத்தான் அவளுக்குத் தெரியும். இப்படித்தான் பேசுவாள் அவள் தோழி. மேலே அழுகிறவளை அவளுக்குத் தெரியாது.

"நீ திருந்தவே மாட்டடி" என்றாள் சிரித்துக்கொண்டே. "அந்தப் பொண்ணு எவ்வளவு உருக்கமா அழறா, அதையும் நொட்டை சொல்லணுமா?"

"கத்ரியா!"

இடுக்கிலிருந்து ஒரு கை நீண்டு பையை வாங்கிக்கொண்டது. இன்ஷிராஹ் உடுத்தியிருந்த அதே பச்சைச் சட்டையின் கை, முழங்கைவரை மடித்துவிட்டு.

"உன் கை ஏன்டி இப்படிச் சில்லுனு இருக்கு?" என்று கேட்டபடியே கத்ரியா காலணிகளைக் கழற்றாமல் உள்ளே போனாள். பேரன் யார் ஜாடை என்று சொல்ல ஆரம்பித்தாள். மூக்கு அவன் தாத்தாவோடது, கண்ணு மட்டும்

கதவு சாத்திக்கொண்டது.

இன்ஷிராஹ் கத்தினாள். கத்திக்கொண்டே இருந்தாள். முதல் மாடியில் கரண்டிகள் தட்டில் மோதின. யாரோ தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினார்கள்.

பிறகு அந்தக் கதவு மறுபடி ஒரு சாண் திறந்தது. பச்சைக் கை வெளியே வந்தது. கத்ரியாவின் காலணிகளில் ஒன்றைத் தரையில் வைத்தது. அதன் அருகில் இன்னொன்றை, ஓரம் ஓரத்தோடு பொருந்த, வைத்தது. எங்கள் தெருவில் ஒரு குழந்தைகூடக் கவிழ்ந்த காலணியைக் கண்டால் நிமிர்த்தி வைக்காமல் நகராது. மண்ணை மிதித்த பக்கம் வானத்தைப் பார்க்கக் கூடாது.

இரண்டும் கவிழ்ந்திருந்தன. மஞ்சள் வெளிச்சத்தில் அவற்றின் ஈர அடிப்பாகங்கள் மேலே பார்த்துக்கொண்டிருந்தன.